எனக்குப் பொருந்தும் இயங்குதளம்

ஜூலை 1, திங்கள்

இது கணினி அறிவியல் செய்முறைக்கான குறிப்பு. யாராவது எடுத்துப் படித்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன். வேறு நோட்டு இல்லாததால் வேதியியல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதுகிறேன்.

எஸ்தர் மிஸ் பதினோராம் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். உபுண்டு, லுபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று மூன்று இலவச இயங்குதளங்கள், மூன்றும் தனித்தனி பென் டிரைவில். சுற்றில் வரும். வீட்டிலோ லேபிலோ ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘எனக்குப் பொருந்தும் இயங்குதளம்’ என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். எது சிறந்தது என்று எழுதக்கூடாதாம். எனக்கு எது பொருந்துகிறது, ஏன் என்று எழுத வேண்டுமாம்.

“பொருந்துதான்னு பாக்கறதுக்கு இது என்ன மிஸ், மாப்பிள்ளையா?” என்றாள் ரிஸ்வானா. அவள் என் பக்கத்தில் உட்காருபவள்.

“மாப்பிள்ளைய ஓட்டிப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பிக் குடுக்க முடியாது. இதைக் குடுக்கலாம்” என்றார் மிஸ். வகுப்பே சிரித்தது.

பென் டிரைவைச் செருகித் திறந்தால் போதும், லேப்டாப்பில் எதையும் பதிய வேண்டியதில்லை. அணைத்தால் நாம் என்ன செய்தோம் என்பதே அதற்கு நினைவிருக்காது. லேப்டாப்பிலும் ஒன்றும் பதியாதா என்று கேட்டேன். பதியாது என்றார். மறுபடியும் கேட்டேன். ஏன் இரண்டு முறை கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. எனக்குக் கொடுத்ததில்லை. மூடியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை அண்ணன் பிளேடால் சுரண்டிவிட்டார். கடைசி எழுத்து மட்டும் பாதி மிச்சம் இருக்கிறது.

தூக்கம் வருகிறது. நாளை எருமைக்குத் தண்ணீர் காட்டுவது என் முறை.

ஜூலை 2, செவ்வாய்

முதலில் உபுண்டு.

மாலை ஐந்தரைக்கு அம்மா பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போவாள். திரும்ப ஆறு பத்து ஆகும். அந்த நாற்பது நிமிடம்தான் எனக்கு.

அழகாக இருந்தது. எழுத்தெல்லாம் பெரிதாக, சுத்தமாக. ஆனால் எங்கள் லேப்டாப்புக்கு அது பெரிய சுமை. திறக்க நாலரை நிமிடம். உள்ளே விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமோ என்று தலையணையை எடுத்து அண்டக் கொடுத்தேன், உடனே இன்னும் சூடாகிவிட்டது.

குறிப்பு: திறக்கும் நேரம், நான்கரை நிமிடம். சத்தம், அதிகம். மூடும் நேரம், ஒரு நிமிடத்துக்கு மேல். மூடும் நேரத்தை மிஸ் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வாசலில் அம்மா கேனை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டதும் அணைத்தேன். அம்மா எப்போதும் கேனைப் போட்டு உருட்டித்தான் வைப்பாள். ஒரு நாள் நசுங்கப்போகிறது.

இதை ஏன் ஒளித்துச் செய்கிறேன் என்றால், லேப்டாப்பின் விண்டோஸில் அண்ணன் ஒரு வேவு மென்பொருள் போட்டு வைத்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது திரையைப் படம் எடுக்கும். தட்டுகிற எழுத்தையெல்லாம் சேர்த்து வைக்கும். அவர் நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார். என் பை, அம்மாவின் போன், பிறகு லேப்டாப். அப்பா ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 3, புதன்

ஒன்றும் செய்யவில்லை. முதுகு வலி. இரண்டு டெஸ்ட்.

ஜூலை 4, வியாழன்

லுபுண்டு. ஒன்றே முக்கால் நிமிடத்தில் திறந்துவிட்டது. விசிறி சத்தமே இல்லை. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கிறது, நோன்பு நாளில் செய்கிற சமையல் மாதிரி. ஆனால் எல்லாம் இருக்கிறது. மூட இருபது நொடி.

வைஃபை உடனே பிடித்தது. அண்ணன் வாரக் கடைசியில் மேட்ச் பார்ப்பதற்காகக் கேபிள்காரரிடம் சொல்லிப் போட்ட வைஃபை அது.

வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு மின்னஞ்சல் திறந்தேன். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வுக்காக உருவாக்கியது. இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. விளம்பரங்கள்தான் இருந்தன.

அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். மிஸ் சொன்னது உண்மை. எதுவுமே நினைவில்லை. முதல் முறை பார்ப்பது போல “வாருங்கள்” என்கிறது.

அம்மா இன்று ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். சொசைட்டியில் வரிசை நீளமாம்.

ஜூலை 7, ஞாயிறு

அண்ணன் நேற்று வந்தார். எனக்கு முட்டை போண்டா வாங்கி வந்திருந்தார், சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்து. அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுத வேண்டும்.

இன்று லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“பாப்பா, வாரம் முழுக்க இதைத் தொடவே இல்லியா?”

“இல்லீங்ணா. டெஸ்ட் இருந்துச்சு.”

“கம்ப்யூட்டர் குரூப் எடுத்துட்டு கம்ப்யூட்டரைத் தொடாம எப்படிப் படிக்கிற?”

“லேப்ல பாத்துக்கறனுங்ணா.”

என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். “நான் எதுக்கு இதையெல்லாம் பாக்கறேன்னு உனக்குத் தெரியும். இன்னொரு தடவை இந்த வீட்ல அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா அப்பா உசுரோட இருக்க மாட்டாரு. ஏதாவது கண்ணுல பட்டுச்சு, அன்னியோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. மாமன் வீட்ல பொண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அம்மா அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

இனிமேல் தினமும் விண்டோஸையும் கொஞ்ச நேரம் திறந்து, பாடப் பகுதியைத் தட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலியாக இருப்பதே சந்தேகமாகிவிடும். இதை யோசிக்கவே அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

நான்காம் தேதி எழுதியது பொய். விளம்பரங்கள் இல்லை. முப்பத்தொரு மின்னஞ்சல், எல்லாம் ஒரே ஆளிடமிருந்து.

வினோதினி அக்காவிடமிருந்து.

இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. லேப்டாப் அவளுடையது. அந்த மின்னஞ்சலை எனக்கு உருவாக்கிக் கொடுத்ததும் அவள்தான். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போனாள். அதற்கு முன் மூன்று மாதம் இந்த லேப்டாப்பில்தான் அவரோடு பேசியிருக்கிறாள். அதனால்தான் அண்ணன் இதை இப்படிக் காவல் காக்கிறார். ஹாலில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் அவள் நின்ற பக்கத்தை மடித்துப் பிரேம் போட்டுவிட்டார்கள். அவள் கை மட்டும் என் தோள்மேல் இருக்கிறது.

அன்று ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பயம். இன்று லுபுண்டுவில் ஏழு படித்தேன்.

முதலாவது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே தொடங்குகிறது: “கோபி, நீ இதைப் படிக்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் மாதம் ஒன்றாவது போடுகிறேன்.”

ஒன்றில் வேலை கிடைத்ததைச் சொல்கிறாள். ஒன்றில் ஓசூரில் ராத்திரி குளிரைப் பற்றி. கடந்த ஜனவரியில் குழந்தை பிறந்திருக்கிறது, பெண். படம் இருக்கிறது. துணியில் சுற்றி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோடோ சண்டை போட்டுவிட்டுத் தூங்கியது போல.

பிப்ரவரியில் வந்தது: “கோபி, எப்படியாவது அம்மாவிடம் கேட்டுச் சொல். பால் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி வலிக்கிறது. நீ பிறந்தபோது அம்மாவுக்கும் இப்படி ஆனது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஏதோ செய்தாள், சரியாகிவிட்டது. என்ன செய்தாள் என்பது மட்டும் மறந்துவிட்டது.”

ஜூலையில் படிக்கிறேன்.

பதில் எழுதும் பெட்டியைத் திறந்தேன். எழுதவில்லை. படத்தைச் சேமிக்கப் பார்த்தேன். சேமித்து என்ன, அணைத்தால் போய்விடும். லேப்டாப்பில் வைத்தால் அண்ணன் பார்ப்பார். அம்மாவின் கேன் சத்தம் கேட்டது. மூடினேன். இருபது நொடியில் குழந்தை இல்லை.

போன வாரம் இது மறந்துவிடும் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 10, புதன்

இன்று மின்ட் கொடுத்தார்கள். ரிஸ்வானாவிடம் காலியாக ஒரு பென் டிரைவ் கேட்டேன். “எங்க மாமா கல்யாண வீடியோ இருக்குது, அழிச்சுக்கோ. அந்தக் கல்யாணத்துல பிரியாணியே சரியில்லை” என்றாள்.

ஜூலை 11, வியாழன்

மின்ட் லுபுண்டு அளவுக்கு வேகம் இல்லை, உபுண்டு அளவுக்கு இரைச்சலும் இல்லை. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. தூரத்திலிருந்து பார்த்தால் விண்டோஸ் மாதிரியே இருக்கிறது. யாராவது கதவருகே நின்றுவிட்டுப் போனால் வித்தியாசம் தெரியாது. இதுதான் எனக்குப் பொருந்துகிறது. ஆனால் இந்தக் காரணத்தை ஒரு பக்கமாக எழுதி மிஸ்ஸிடம் கொடுக்க முடியாது.

இதை மிஸ்ஸின் பென் டிரைவில் வைத்து அப்படியே ஓட்டினால் எல்லாம் மறந்துவிடும். ரிஸ்வானாவின் பென் டிரைவில் முழுதாக நிறுவிவிட்டால் அந்தப் பென் டிரைவே ஒரு கணினி மாதிரி. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும், லேப்டாப்பில் ஒன்றும் இருக்காது. லேப்டாப்பின் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

நடுவில் ஒரு திரை வந்தது. “நீங்கள் யார்?” என்று கேட்டது. பெயர் போட வேண்டும். என் பெயரைப் போட பயமாக இருந்தது. என்ன போட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நிறுவி முடிய ஒரு மணி நேரம் ஆனது. அம்மா வரவில்லை. இன்றும் சொசைட்டியில் கூட்டம் போல. எனக்கு அதிர்ஷ்டம்.

முதல் வேலையாகக் குழந்தையின் படத்தை இறக்கினேன். பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதைத் திரையின் பின்னணியாக வைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி திறந்தேன். இருந்தது. அதே சண்டை முகத்தோடு இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பள்ளிக்குப் போகும் முன், வழக்கம்போலப் பாடத்தைத் தட்டி வைக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பென் டிரைவ் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரை. இங்கிலீஷில் ஒரு வரி, ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்று. அதன் கீழே ‘மீட்பு’ என்று ஒரு சொல். பிறகு மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கோடு.

பென் டிரைவைச் செருகினேன். மெனு வந்தது, மின்ட், விண்டோஸ் என்று இரண்டும். விண்டோஸ் திறந்தது. எடுத்தேன், கறுப்பு. செருகினேன், மெனு. பென் டிரைவ் இல்லாமல் லேப்டாப் எழுந்திருக்காது என்று புரிந்தது.

மதியம் லேபில் ரிஸ்வானாவும் நானும் தேடினோம். பென் டிரைவில் நிறுவும்போது கீழே ஒரு சின்னப் பட்டியில், ‘தொடக்கத்தை எங்கே எழுதட்டும்’ என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அதில் லேப்டாப்பின் டிஸ்க் தானாகவே தேர்வாகியிருக்கும். மேலே மூன்று முறை சரிபார்த்தேன். கீழே பார்க்கவில்லை.

“லேப்டாப் வீட்டைப் பூட்டிட்டு சாவியப் பென் டிரைவ்ல குடுத்துட்டு வந்திருக்குடி” என்றாள் ரிஸ்வானா. “சாவியத் திருப்பி வாங்கணும், அவ்வளவுதான். அழாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன, திட்டுவாரு…” என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். பிறகு எதுவும் கேட்காமல் திருத்தும் வழியைத் தேடிக் கண்டுபிடித்தாள். மூன்று வரிக் கட்டளை. இந்த நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். மின்டில் இருந்துகொண்டு செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை. மாலை அம்மா சொசைட்டிக்குப் போனதும் முடித்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

நாளை இரண்டாம் சனி. அண்ணனுக்கும் லீவு. அது எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டுக்குப் போனால் வாசலில் பைக். ஹாலில் அண்ணன் மடியில் லேப்டாப். கறுப்புத் திரை.

“பாப்பா, என்ன பண்ணுன இதை?”

தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

“உன்னையத்தான் கேக்கறேன்.”

அம்மா மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தாள். கையில் தவிட்டு வாளி. என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். வாளியை வைத்தாள்.

“அவளை என்ன கேக்கற? நாந்தான் மேசையத் துடைக்கறப்போ கீழ போட்டுட்டேன்.”

“எப்போ?”

“காத்தாலதான். நல்லாத்தான் இருந்துச்சுன்னு எடுத்து வெச்சுட்டேன்.”

“சொல்ல மாட்டியாம்மா?”

“சொன்னா நீ கத்துவ. இப்பக் கத்தற பாரு, அந்த மாதிரி.”

அண்ணன் லேப்டாப் ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொண்டு வரச் சொன்னார். கடைக்காரர் பார்த்தால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார், இது விழுந்ததால் ஆனது இல்லை, யாரோ வேறு இயங்குதளம் போட்டிருக்கிறார்கள் என்று.

அம்மா லேப்டாப்பைக் கீழே போடவில்லை. காலையில் நான்தான் அதை அலமாரியில் வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

அண்ணன் என் பையைக் கொட்டினார். ஜாமெட்ரி பாக்ஸையும் திறந்தார். காம்பஸ், பென்சில், அழிப்பான். பென் டிரைவ் இல்லை.

நான் எடுக்கவில்லை. எங்கே போனது?

இந்த நோட்டைப் புரட்டினார். முன்பக்கம் வேதியியல் சமன்பாடுகள். மூடி வைத்தார்.

பகல் முழுக்க ஹாலில் லேப்டாப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். நான் வீட்டைப் பெருக்கினேன். மூன்று முறை பெருக்கினேன். எங்கேயும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அண்ணன் கறி வாங்கக் கிளம்பினார். அம்மா வாசல் வரை போனாள்.

“இங்க வாங்காத சாமி, போன வாரம் ஒரே எலும்பு. சங்ககிரி ரோட்ல பாய் கடையில வாங்கு.”

“அங்க கூட்டமா இருக்கும்மா.”

“இருக்கட்டும். நின்னு தொடைக்கறியாப் பாத்து வாங்கியா.”

பைக் சத்தம் தேயும் வரை நின்றாள். பிறகு கொட்டகைக்குப் போய்ப் பருத்திக்கொட்டை டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். எடுத்து முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். ரிஸ்வானாவின் பென் டிரைவ்.

“ஒரு மணி நேரம் இருக்குது. என்ன செய்யோணுமோ செய்.”

“அம்மா…”

“அப்புறம் பேசலாம். செய்.”

செருகினேன். மெனு வந்தது. மின்ட். அம்மா எனக்குப் பின்னால் நின்றாள். எருமைக் கொட்டகை வாசனை அவள் புடவையில் இருந்தது. உள்ளே போக ஒரு திரை வரும், பெயர் காட்டி, கடவுச்சொல் கேட்டு. அதில் பெயர் தெரியும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மறைக்க நேரமில்லை.

அம்மா மூன்றாவது வரை படித்தவள். எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பாள்.

“வி… னோ… தி… னி.”

இரண்டு வருடத்தில் முதல் முறையாக இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டது. எனக்கு வாசலைத்தான் பார்க்கத் தோன்றியது.

கடவுச்சொல்லைத் தட்டினேன். குழந்தை வந்தது, திரை நிறைய.

அம்மா யாருடையது என்று கேட்கவில்லை. எப்போது பிறந்தது என்று கேட்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பால் கறந்த ஈரக் கை, திரையில் படாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மூக்கு உங்கப்பனோடது” என்றாள். கொஞ்சம் கழித்து, “பாவம், பொட்டப்புள்ளைக்கு” என்றாள்.

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. நோட்டின் ஓரத்தைப் பார்த்து முதல் வரியைத் தட்டினேன். தேவையானதை இறக்கியது. இரண்டாவது வரி, லேப்டாப்பின் பழைய தொடக்கத்தை லேப்டாப்பிலேயே வைப்பது. அதில் டிஸ்க்கின் பெயர் தப்பாகப் போனால் எல்லாம் போகும். அளவை வைத்து எது லேப்டாப், எது பென் டிரைவ் என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். இந்த முறை கீழேயும் பார்த்தேன். அழுத்தினேன். மூன்றாவது வரி, பென் டிரைவின் தொடக்கத்தைப் பென் டிரைவுக்குக் கொடுப்பது. அதையும் அழுத்தினேன்.

அணைத்தேன். பென் டிரைவை உருவினேன். திறந்தேன்.

விண்டோஸ்.

அம்மா பென் டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“உன் பையில வேண்டாம். அவன் உன் பையைப் பாப்பான், என் போனைப் பாப்பான். பருத்திக்கொட்டையில கை விடமாட்டான். அவனுக்கு அந்த வாசம் ஆகாது.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. நான் கெளம்புன உடனே ரூமுக்குள்ள ஓடறது தெரியும். கேன் சத்தம் கேட்டா மூடறது தெரியும். வியாழக்கிழமை சத்தம் போட்டும் நீ வெளியே வரலை. சரி, என்னமோ முக்கியமான சோலின்னு மறுபடி கேனைத் தூக்கிட்டுப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்தேன்.”

சொசைட்டியில் வரிசையே இருந்ததில்லை.

எட்டரைக்கு அண்ணன் வந்தார். கறிப் பையைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கப் போனவர் சும்மா ஒரு தடவை திறந்து பார்த்தார். திறந்தது.

“ஏம்மா, இது நல்லாத்தான் இருக்குது?”

“தண்ணித் துணியில தொடச்சேனல்லோ. ஈரம் காஞ்சிருச்சாட்ட இருக்குது.”

“கீழ போட்டேன்னு சொன்ன?”

“தொடைக்கறப்போதான போட்டேன். மஞ்சத்தூள் எடுத்துக் குடு, கறி கழுவோணும்.”

அண்ணன் அவளைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மஞ்சள் தூள் எடுக்கப் போனார்.

ஜூலை 15, திங்கள்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். மின்ட் என்று எழுதினேன். பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது, மெனு பழகியது போல் இருக்கிறது, தமிழ் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. முக்கால் பக்கம்தான் வந்தது.

மிஸ்ஸின் பென் டிரைவையும் திருப்பிக் கொடுத்தேன். ரிஸ்வானாவுடையதைக் கொடுக்கவில்லை. “வெச்சுக்கடி, அந்தப் பிரியாணிய யார் மறுபடி பாக்கறது” என்றாள்.

ஜூலை 18, வியாழன்

கட்டுரை திரும்பி வந்தது. பத்துக்கு ஆறு. சிவப்பு மையில், “காரணங்கள் போதவில்லை.”

மாலை அம்மா பால் கேனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினாள். கை கழுவி, புடவையில் துடைத்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பருத்திக்கொட்டைத் தூள் ஒட்டிய பென் டிரைவை மேசைமேல் வைத்தாள்.

“தொறந்து காட்டு.”

முப்பத்தொன்றையும் வாசித்துக் காட்டினேன். சிலவற்றை இரண்டு முறை. பிப்ரவரி மின்னஞ்சல் வந்ததும் அம்மா “நிறுத்து” என்றாள். வெளியே எருமை கத்தியது. தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் எழவில்லை.

அண்ணன் நாளை மறுநாள் வருவார். மறுபடி பை, போன், லேப்டாப். கடைக்காரரை அவர் எங்கேயாவது பார்ப்பார், அந்தக் கறுப்புத் திரையைப் பற்றிச் சொல்வார். மாமன் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதுவும் முடியவில்லை. கண் எரிகிறது.

“பதில் எழுதலாமாம்மா?”

“எழுது.”

“என்னன்னு?”

“கேட்டிருக்கா இல்ல? அதுக்குத்தான் பதில் எழுதோணும்.” அம்மா காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வெந்நீர்ல துணிய நனைச்சுப் புழிஞ்சு ஒத்தடம் குடுக்கோணும். கை பொறுக்கற சூடு, அதுக்கு மேல வேண்டாம். வலிச்சாலும் அந்தப் பக்கமே குழந்தையப் போடோணும். கல்லாட்டம் இருக்குதுன்னு நிறுத்திடக் கூடாது. எழுதிட்டியா?”

“அம்மா, அது பிப்ரவரி மாசம் கேட்டது. இப்போ குழந்தைக்கு ஆறு மாசம் ஆகுது. எல்லாம் சரியாப் போயிருக்கும்.”

அம்மா திரையில் இருந்த சண்டை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும். இருந்தாலும் எழுது. அடுத்ததுக்கு ஆகும்.”